வேஷம் கலைந்த பிறகு ஒற்றனுக்கு என்ன வேலை?

கைகள் கட்டப்பட்ட நிலையில் நிற்கிறார் ஒரு கதக் நடன ஆசிரியர். நடை, பேச்சு, கையசைவு எல்லாவற்றிலும் நளினம். சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய ஆட்கள். பக்கத்தில் மிரண்டுபோன மனைவி. அடி மேல் அடி விழுகிறது. சாவதற்கு முன் தொழுதுகொள்கிறேன் என்று கெஞ்சுகிறார். அனுமதி கிடைக்கிறது. தொழுகை முடிந்த சில நொடிகளில் சுற்றி நின்றவர்கள் தரையில் கிடக்கிறார்கள். என்ன நடந்தது என்று கண் பிடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட, அதே சண்டையைப் படம் மெதுவாக இன்னொரு முறை ஓட்டிக் காட்டுகிறது.

‘விஸ்வரூபம்’ படத்தின் அந்தக் கிடங்குக் காட்சிக்குத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் எழுந்த விசிலுக்கு இரண்டு வாரக் காத்திருப்பும் ஒரு காரணம். உலகின் பிற பல பகுதிகளில் 2013 ஜனவரி 25 அன்று படம் வெளியானது. தமிழகத்திலோ முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பு, 144 தடை உத்தரவு, நீதிமன்றப் படியேற்றம், சில இடங்களில் வெட்டு என்று அலைந்து பிப்ரவரி 7 அன்றுதான் திரைக்கு வந்தது. அதற்கும் முன்னால், டி.டி.எச். வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் முதலில் காட்டுவது என்ற கமல்ஹாசனின் திட்டம் திரையரங்கு உரிமையாளர்களோடு ஒரு தனிப் போரையே நடத்திவிட்டிருந்தது. இத்தனை ஆரவாரத்தையும் தாண்டிப் படம் நின்றது. கதக் ஆசானான பண்டிட் பிர்ஜு மகராஜுக்கு நடன அமைப்புக்கான தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. அரங்க வடிவமைப்புக்கும் தேசிய விருது கிடைத்தது.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்ட் 10 அன்று ‘விஸ்வரூபம் 2’ வந்தது. அதே நாயகன், அதே இயக்குநர், அதே வில்லன், அதே கூட்டணி. தடை இல்லை. விசிலும் இல்லை. விமர்சனத்திலும் வசூலிலும் முதல் பாகத்தின் பக்கத்தில்கூட அது வர முடியவில்லை.

இரண்டாம் பாகம் சறுக்குவது சினிமாவில் புதிதல்ல. ஆனால் ஒற்றர் படங்களின் இரண்டாம் பாகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. போலீஸ் கதையில் நாயகன் யார் என்பது டைட்டில் ஓடும்போதே தெரிந்துவிடும். துரைசிங்கம் எப்படி மீசையை முறுக்குவார், எப்படிப் பாய்வார் என்று முழுவதும் தெரிந்த பிறகும் ‘சிங்கம் 2’ ஓடியது. தெரிந்ததை மறுபடி பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஒற்றனின் தொழிலோ தன்னைத் தெரியாமல் வைத்துக்கொள்வது. முதல் பாகத்தின் சுவையே அவன் யார் என்று கண்டுபிடிப்பதில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்ட ரசிகன், இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது பாதி சுவையை ஏற்கெனவே தின்று முடித்திருக்கிறான்.

நிருபமாவின் கண்கள்

‘விஸ்வரூபம்’ தொடங்குவது நாயகனின் கோணத்தில் அல்ல. நியூயார்க்கில் மனநல ஆலோசகரிடம் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நிருபமாவின் (பூஜா குமார்) கோணத்தில். அணுசக்தியோடு தொடர்புடைய மருத்துவ ஆராய்ச்சிக்காரி. அமெரிக்க வாழ்க்கைக்காகச் செய்துகொண்ட கல்யாணம். தன்னைவிட மூத்த, பெண்மை கலந்த கணவர். வேலை செய்யும் இடத்தில் முதலாளி மேல் ஒரு சாய்வு. குற்ற உணர்ச்சி குறைய வேண்டுமானால் கணவரிடமும் ஏதாவது ஒரு குறை அகப்பட வேண்டும். அதற்காக ஒரு துப்பறிவாளரை ஏவுகிறாள். அந்த ஆள் கொண்டுவரும் செய்தி: உங்கள் கணவர் விஸ்வநாதன் இந்துவே அல்ல.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் கவனிக்கத் தக்கது. நாயகனைப் பார்ப்பவள் அவனோடு ஒரே வீட்டில் வாழ்கிறவள். அவளுக்கே அவன் யார் என்று தெரியாது. ரசிகனுக்குக் கமல்ஹாசன் ஏதோ செய்யப்போகிறார் என்று தெரியும்; என்ன என்று தெரியாது. துப்பறிவாளர் தவறான கிடங்குக்குள் நுழைந்து செத்துப்போக, அந்தச் சாவு வழியாக எதிரிகள் இந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு மனைவியின் சில்லறைச் சந்தேகம் ஒற்றனின் முகமூடியைக் கழற்றிவிடுகிறது.

முகமூடி கழன்ற பிறகும் படம் தன் சரக்கைத் தீர்த்துவிடவில்லை. கதை ஆஃப்கானிஸ்தானுக்குப் பின்னோக்கிப் போகிறது. விஸாம் அகமது காஷ்மீரி என்ற இந்திய உளவாளி அல்-கொய்தா முகாமுக்குள் பயிற்சியாளனாக உட்கார்ந்திருக்கிறான். இங்கே வேஷம் தலைகீழாகிறது: நியூயார்க்கில் அவன் உண்மை தெரியாமல் நாம் விழித்தோம், இங்கே நமக்குத் தெரிகிறது, வில்லன் ஒமருக்குத் (ராகுல் போஸ்) தெரியாது. வில்லனின் வீட்டில் சாப்பிட்டு, அவன் பிள்ளைகளோடு விளையாடும் ஒற்றன். தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகும் இளைஞன் ஒருவன் குழந்தைபோல ஊஞ்சலாடும் காட்சி, சண்டைக் காட்சிகளைவிட நீண்ட நாள் நினைவில் நின்றது.

க்ளைமாக்ஸிலும் அடிதடியை விட்டு அறிவைப் பிடித்தது படம். கைபேசி சமிக்ஞையால் வெடிக்கவிருக்கும் சீசியம் குண்டு. நாயகனுக்கு அதைத் தடுக்க வழி தெரியவில்லை. நிருபமா மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கி அதன் மேல் கவிழ்க்கச் சொல்கிறாள். மின்காந்த அலைகள் வெளியே கசியாதபடி செய்யப்பட்ட உலோகக் கூண்டு வெளியிலிருந்து வரும் அலையையும் தடுக்கும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான். முதல் காட்சியில் கணவனைப் புரியாமல் நின்றவள் கடைசிக் காட்சியில் அவன் வேலையைச் செய்து முடிக்கிறாள். ஒமர் தப்பிவிடுகிறான். தொடரும் என்கிறது படம். அடுத்த பாகத்தின் துணுக்குகளும் வரிசையாக ஓடுகின்றன.

ஐந்தரை வருட இடைவெளி

அந்தத் துணுக்குகள்தான் முதல் வினை. இரண்டாம் பாகத்தின் ஒரு பகுதி முதல் பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டிருந்தது. சூட்டோடு சூடாக வந்திருக்க வேண்டிய படம் பணச் சிக்கலில் முடங்கியது. இடையில் கமல்ஹாசன் ‘உத்தம வில்லன்’, ‘பாபநாசம்’, ‘தூங்காவனம்’ என்று 2015-இல் மட்டும் மூன்று படங்கள் கொடுத்தார். 2016-இல் விழுந்து கால் எலும்பு முறிந்தது. 2017-இல் ‘பிக் பாஸ்’ மேடையில் நின்றார். அதே ஆண்டில்தான் மிச்சக் காட்சிகளை எடுக்கத் தொடங்கினார். 2018 பிப்ரவரியில் மதுரையில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கினார். படம் வெளியாவதற்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 7 அன்று, கலைஞர் கருணாநிதி காலமாகி மாநிலமே துக்கத்தில் இருந்தது.

இடைவெளியில் உலகமும் நகர்ந்துவிட்டது. முதல் பாகம் எழுதப்பட்டபோது அல்-கொய்தாதான் செய்தி. பின் லேடன் கொல்லப்பட்டது 2011 மே மாதத்தில். 2018-இல் செய்தித்தாள்களில் ஐ.எஸ். அமைப்பு அந்த இடத்தைப் பிடித்துக் கொஞ்சம் பழையதாகவும் ஆகிவிட்டிருந்தது. பழைய பகையோடு, ஒற்றைக் கண்ணோடு வந்து நிற்கும் ஒமர், பயமுறுத்துவதற்குப் பதிலாக ‘இவர் யார், எங்கே விட்டோம்?’ என்று யோசிக்க வைத்தார். படமும் அதை உணர்ந்ததுபோல முதல் பாகத்துக் காட்சிகளை நடுநடுவே எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் ரசிகனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு.

கதையில் சரக்கு இல்லாமல் இல்லை. நியூயார்க்கை விட்டு லண்டன். அங்கே இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல், அதற்குள் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள், அவை வெடித்தால் நகரத்தை நோக்கி எழப்போகும் பேரலை. கேட்டால் கற்பனை மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு நிஜத்தில் ஒப்பானது ஒன்று உண்டு. ‘எஸ்.எஸ். ரிச்சர்ட் மான்ட்கோமரி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1944 ஆகஸ்டில் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் தரைதட்டி உடைந்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்றும் அதற்குள் இருக்கிறது. அதன் கம்பங்கள் நீருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஒற்றர் படத்துக்கு இதைவிடப் பிரமாதமான மூலப்பொருள் கிடைக்காது. ‘விஸ்வரூபம் 2’ அதைப் பாதிப் படத்துக்குள் முடித்துவிட்டு டில்லிக்கு விமானம் ஏறிவிடுகிறது.

பெரிய இழப்பு நிருபமா. கணவன் யார் என்று தெரிந்துவிட்டதால் இரண்டாம் பாகத்தில் அவளுக்குச் சந்தேகிக்க எதுவும் இல்லை. சக உளவாளி அஸ்மிதாவோடு (ஆண்ட்ரியா) செல்லச் சண்டை போடுவதே பல காட்சிகளில் அவள் வேலையாகிறது. படம் யார் கண்ணால் பார்க்கப்படுகிறது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. விஸாம் எல்லாம் தெரிந்தவனாக, எல்லாரையும் முந்தியவனாக, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்பவனாக வருகிறான். தெரியாத ஆள் தெரிந்த நட்சத்திரமாகிவிட்டான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழைய மின்னல். டில்லியில், நினைவு மறந்த முதியோர் இல்லத்தில் விஸாமின் தாய். வஹீதா ரஹ்மான். செங்கல்பட்டில் பிறந்து, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் நடனமாடி, பிறகு இந்தித் திரையுலகை ஆண்டவர். எத்தனையோ பெயர்களில், எத்தனையோ வேஷங்களில் திரிந்த மகன் கடைசியில் தன் சொந்த முகத்தோடு எதிரே நிற்கிறான். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எதிரிகள் அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்ட ஒருவனை, பெற்றவள் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறாள். இரண்டாம் பாகத்துக்குத் தேவையான புதிய மர்மம் இதுதான். ஒரு ஒற்றன் எல்லாரிடமும் மறைத்ததைத் தாயிடம் வெளிப்படுத்த முடியாமல் தவிக்கும் கதை. ஜிப்ரானின் இசையில் ‘நானாகிய நதிமூலமே’ பாடலும் இந்த இழையில்தான் வருகிறது. சில நிமிடங்களில் அதை விட்டுவிட்டு, மறுபடி கடிகாரம் ஓடும் குண்டுக்குப் படம் திரும்பிவிடுகிறது.

அவசரத்தில் கெட்ட பாண்டு

தாமதம்தான் கெடுத்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இதற்கு நேர் எதிர்க் காரணத்தால் இதே பள்ளத்தில் விழுந்த படமும் உண்டு.

2006-இல் வந்த ‘கேசினோ ராயல்’ ஜேம்ஸ் பாண்டையே புதிதாக்கியது. டேனியல் கிரெய்க் அறிமுகம். கார், கருவி, கவர்ச்சி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, பாண்டு இன்னும் பாண்டு ஆகாத காலத்தைச் சொன்னது. சீட்டாட்ட மேசையில் நீண்ட நேரம் எதிரியின் முகத்தைப் படிப்பதுதான் அதன் உச்சம். காதலித்த வெஸ்பர் ஒளித்துவைத்திருந்த ரகசியம் கடைசியில் வெளிப்பட, பாண்டோடு சேர்ந்து ரசிகனும் ஏமாந்தான்.

அடுத்த பாகமான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ 2008-இல் வெளியானது. முதல் படம் முடிந்த சில நிமிடங்களில் இதன் கதை தொடங்குகிறது. இத்தாலியின் கார்டா ஏரிக் கரையில் கார்த் துரத்தல். என்ன ஏது என்று தெரிவதற்குள் துண்டு துண்டாக வெட்டப்பட்ட காட்சிகள். காரணம் வேறெங்கோ இருந்தது. 2007 நவம்பர் 5 அன்று ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அது முடிந்தது 2008 பிப்ரவரி 12 அன்று. திரைக்கதை எழுதிய பால் ஹாகிஸ் தன் பிரதியைக் கொடுத்த சூட்டிலேயே வேலைநிறுத்தம் வந்துவிட, திருத்தி எழுத ஆள் இல்லை. இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டரும் தானுமே படப்பிடிப்பில் காட்சிகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று கிரெய்க்கே பின்னாளில் சொன்னார். படம் 106 நிமிடம். அதுவரை வந்த பாண்டு படங்களிலேயே குறைந்த நீளம். ‘கேசினோ ராயல்’ 144 நிமிடம்.

அந்தப் படத்திலும் ஒரு காட்சி எல்லாருக்கும் பிடிக்கும். ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில், ஏரிக்குள் கட்டப்பட்ட பிரம்மாண்ட மேடையில் ‘டோஸ்கா’ ஆபெரா நடக்கிறது. பார்வையாளர்களுக்கிடையே ரகசியக் கும்பல் ஒன்று சிதறி உட்கார்ந்து, காதில் செருகிய கருவியில் பேசிக்கொள்கிறது. நாடகம் பார்ப்பதுபோல் கூட்டம் நடத்துகிறார்கள். பாண்டு ஒட்டுக் கேட்கிறார். திடீரென்று நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேசுகிறார். மாட்டிக்கொண்டோம் என்று பதறிச் சிலர் எழுந்து வெளியேற, எழுந்தவர்களை மட்டும் படம் பிடித்துக்கொள்கிறார். ஒரு குண்டும் சுடாமல் எதிரிகளின் முகம் கைக்கு வந்துவிடுகிறது. மொத்தப் படத்திலும் ஒற்றன் ஒற்றன் வேலை பார்ப்பது இங்கேதான். மற்ற நேரமெல்லாம் அவர் கோபக்கார அடிதடி வீரர்.

ஒன்று அவசரத்தில் வந்தது, இன்னொன்று ஆறிப்போய் வந்தது. இரண்டுமே முதல் பாகத்தின் கதையை முடித்துக் கொடுப்பதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டன. ரசிகனிடம் மறைக்கப் புதிதாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

‘கிங்ஸ்மேன்’ படத்தின் இரண்டாம் பாகமான ‘தி கோல்டன் சர்க்கிள்’ (2017) இன்னும் சுலபமான வழியில் போனது. முதல் பாகத்தில் தலையில் சுடப்பட்டு இறந்த ஹாரியை ஒரு மருந்தைக் காரணம் காட்டி உயிரோடு கொண்டுவந்தது. கோலின் ஃபர்த்தைத் திரும்பப் பார்த்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் சாவே செல்லாது என்று ஆகிவிட்ட பிறகு யாருக்குத் துப்பாக்கி நீண்டால் என்ன?

மறைக்கத் தெரிந்தவர்கள்

இரண்டாம் பாகம் என்றாலே விதி என்று தப்பிக்கவும் முடியாது. 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ பாண்டு வரிசையில் இரண்டாவது படம். முதல் காட்சியிலேயே இருட்டுத் தோட்டத்தில் பாண்டு கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறார். அரங்கம் திகைத்து நிற்கும்போது, பிணத்தின் முகத்திலிருந்து முகமூடியை உரிக்கிறார்கள். உள்ளே வேறொரு ஆள். எதிரிகள் பயிற்சிக்காகப் பயன்படுத்திய போலி பாண்டு. ‘உனக்குத் தெரிந்த பாண்டு என்று நம்பி உட்காராதே’ என்று ரசிகனுக்கு முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டார் இயக்குநர் டெரன்ஸ் யங்.

‘விஸ்வரூபம் 2’ வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2018 ஜூலை 27 அன்று, ‘மிஷன் இம்பாஸிபிள்: ஃபாலவுட்’ வந்தது. அந்த வரிசையில் அது ஆறாவது. ஈதன் ஹன்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. லண்டன் கட்டடங்களுக்கு நடுவே தாவும்போது டாம் குரூஸ் நிஜமாகவே கணுக்காலை உடைத்துக்கொண்டதும் ஊரறிந்த செய்தி. இருந்தும் படத்தின் தொடக்கத்திலேயே ஒரு கச்சிதமான ஏமாற்று. குண்டு தயாரிக்கும் விஞ்ஞானி ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். உலகின் மூன்று புனிதத் தலங்கள் தாக்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் செய்தி. தன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்ற திருப்தியில் அவர் கைபேசியின் ரகசியக் குறியைச் சொல்லிவிடுகிறார். அடுத்த நொடி அறையின் சுவர்கள் சரிகின்றன. மருத்துவமனை போலி, செய்தி போலி, செய்தி வாசிப்பவரின் முகமே முகமூடி. விஞ்ஞானி ஏமாந்த அதே கணத்தில் ரசிகனும் ஏமாந்தான். அந்தச் சூடு ஆறுவதற்குள் திரைக்கு வந்த விஸாமுக்கு இந்த ஒப்பீடு நல்லதாக அமையவில்லை.

பாண்டு வரிசையும் பாடம் படித்தது. ‘ஸ்கைஃபால்’ (2012) படத்தின் தொடக்கத்தில் பாண்டு சொந்தக் கூட்டாளியின் குண்டுபட்டு ஆற்றில் விழுந்து இறந்தவராகிறார். திரும்பி வரும்போது குறி தவறும், மூச்சு வாங்கும் ஆள். அவருடைய சிறு வயது, அவர் வளர்ந்த வீடு என்று அதுவரை யாரும் காட்டாத கதவு ஒன்று திறக்கப்பட்டது. உலக வசூல் 110 கோடி டாலரைத் தாண்டியது.

இதற்கெல்லாம் லண்டன்வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. சுஜாதாவின் கதையில், ராஜசேகர் இயக்கத்தில், 1986-இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் உளவாளியை லோகேஷ் கனகராஜ் 2022-இல் திரும்பக் கொண்டுவந்தார். போஸ்டரெங்கும் கமல்ஹாசன், படத்தின் பெயரே நாயகனின் பெயர். இதில் எதை மறைப்பது? லோகேஷ் மறைத்தார். தொடக்கத்திலேயே கர்ணன் என்ற ஆளாகக் கமல் கொல்லப்படுகிறார். யார் இந்தக் கர்ணன் என்று அமர் (ஃபகத் ஃபாசில்) ஊரெல்லாம் விசாரிக்கிறார். குடிகாரன் என்கிறார் ஒருவர். பெண் பித்தன் என்கிறார் இன்னொருவர். பேரனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர் என்கிறது வீடு. முகமூடிக்குள் இருப்பவர் அவர்தான் என்று இடைவேளையில் தெரியும்போது, தெரிந்த முகத்துக்கே அரங்கம் எழுந்து நின்றது. இரண்டாம் பாதியில் இன்னொரு முறையும் மறைத்ததைத் திறந்து காட்டினார்: வீட்டு வேலைக்காரியாகப் படம் முழுக்க ஓரத்தில் நின்ற பெண், ஏஜென்ட் டீனா. நிருபமாவின் கண்கள் செய்த வேலையை இங்கே அமரின் விசாரணை செய்தது.

நான்கு வருட இடைவெளியில், அதே நடிகர், அதே உளவாளி வேஷம். ஒன்று ரசிகனுக்குத் தெரிந்ததை நீட்டிச் சொன்னது. இன்னொன்று தெரிந்தவரையே தெரியாதவர் ஆக்கியது. ‘விஸ்வரூபம் 2’ மோசமான படம் என்று ஒதுக்க முடியாது. முதல் பாகத்தின் பிற்சேர்க்கையாக நின்றுவிட்ட படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் முதல் பாகத்தை முழுதாகவே பார்க்கலாம். இரண்டாவதில் வஹீதா ரஹ்மான் வரும் காட்சிகளைத் தவறவிடாமல் பார்த்தால் போதும்.